பெரிய ஜம்ப்பில் விழுந்தால்: ஏறுவதற்கு முன்பிருந்து மறுபடி ஏறும்வரை

மவுண்டன் பைக்கில் சின்ன ஜம்ப்புகள் பழகிவிட்டன, பெரிய கேப் முன்னால் ஆசையும் பயமுமாக நிற்கிறேன் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோலாலம்பூரில் வார இறுதிக் காலைகளில் புதியவர்களோடு நின்று பார்த்ததில் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. விழும் இடம் ஒன்று, தவறு நடந்த இடம் வேறொன்று. லேண்டிங்கில் விழுகிறார்கள், காரணமோ பத்து மீட்டர் முன்னால், சில சமயம் காலையில் சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போதே தொடங்கியிருக்கிறது. அதனால் வரிசை முக்கியம். கீழே உள்ள படிகளில் எதையும் முன்பின்னாக மாற்ற வேண்டாம்.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மை மேலே தூக்கிவிடும் மண்மேடு டேக்ஆஃப், அதன் மேல் விளிம்பு லிப். இறங்கும் சரிவு லேண்டிங், அந்தச் சரிவு தொடங்கும் முதுகு நக்கிள். நடுவில் மண் நிரப்பியிருந்தால் டேபிள்டாப், வெறும் பள்ளமாக இருந்தால் கேப். தூரம் பத்தாமல் பின்சக்கரம் நக்கிளில் இடித்தால் கேஸ்.

1. முதலில் கைவர வேண்டியவை

பம்ப் டிராக்கில், அதாவது சின்ன மேடுகளும் வளைவுகளும் அடுத்தடுத்து வரும் சுற்றுப்பாதையில், மிதிக்காமல் ஒரு முழுச் சுற்று வர வேண்டும். மேட்டின் சரிவில் காலால் அழுத்தி வேகம் எடுக்கும் அதே வேலையைத்தான் டேக்ஆஃபில் செய்யப் போகிறோம். அங்கே வராதது இங்கே வராது.

சமதரையில் பன்னி ஹாப், அதாவது ஓடும் சைக்கிளை இரண்டு சக்கரமும் தரையைவிட்டு எழும்பும்படி துள்ள வைப்பது, வர வேண்டும். சைக்கிளைக் கையால் பிடித்து இழுக்காமல், காலாலும் இடுப்பாலும் தூக்க உடம்புக்குத் தெரிகிறதா என்று அதில் தெரிந்துவிடும். முழங்கால் உயரத் திட்டிலிருந்து பதறாமல் இறங்கவும் வர வேண்டும்.

கடைசியாக, நீங்கள் போக நினைக்கும் கேப்பின் அதே நீளத்தில் ஒரு டேபிள்டாப். பத்து முறை போனால் பத்து முறையும் பின்சக்கரம் சரிவில் இறங்க வேண்டும். எட்டு முறை இறங்கினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. டேபிள்டாப்பில் தூரம் பத்தாமல் போனால் ஒரு குலுங்கல், அவ்வளவுதான். கேப்பில் அதே குறை எலும்பில் முடியும்.

பயிற்சிக்கு எந்த இடம் என்பதும் இதில் சேரும். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம் புக்கிட் கியாராவில் வேர்களும் வளைவுகளும் ஏற்ற இறக்கமும் நிறைந்த பாதைகள் உண்டு. நின்றபடி ஓட்டுவது, ஒரு விரலில் பிரேக் பிடிப்பது, காலில் எடை வைப்பது இவற்றுக்கெல்லாம் அருமையான இடம். பெரிய ஜம்ப் பழகும் இடம் அது இல்லை. நடப்பவர்களும் ஓடுபவர்களும் வருகிறார்கள், திருப்பத்தில் யார் நிற்பார் என்று தெரியாது. தன்னார்வலர்கள் கையால் வெட்டிப் பராமரிக்கும் பாதையில் மண்வெட்டி கொண்டுபோய்ச் சொந்தமாக மேடு கட்டவும் கூடாது. ஜம்ப்புக்கென்று கட்டிய இடத்துக்கே போங்கள்.

2. உடம்புக்கும் சைக்கிளுக்கும்

தாடையையும் மூடும் முழு ஹெல்மெட் கட்டாயம். முகம் முதலில் தரையில் படும் விழல்கள் பெரிய ஜம்ப்பில் சகஜம். உள்ளே டவுன்ஹில் சைக்கிளுக்கான ஏஎஸ்டிஎம் எஃப் 1952 தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். முழங்கால், முழங்கை, முதுகு மூன்றுக்கும் பேட், கைக்கு முழுவிரல் கையுறை.

நம்மூர் வெயிலில் புழுக்கம் தாங்காமல் ஏற்றத்தில் எல்லாவற்றையும் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டுவார்கள். கழற்றுவதில் தப்பில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் ஒருவர் மற்றவருடைய வாரைத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு சுவாரசியத்தில் தாடை வாரை மாட்டாமல் இறங்கப் போனவர்களைத் தடுத்து நிறுத்தியிருக்கிறேன்.

பெடல் தட்டையாக, ஊசி வைத்ததாக இருக்கட்டும். காலணியைப் பூட்டும் பெடல் இப்போது வேண்டாம். காற்றில் தவறு தெரிந்ததும் சைக்கிளை விட்டுவிடக் கால் உடனே விடுபட வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. பூட்டிய காலால் சைக்கிளை மேலே இழுத்துவிட முடியும் என்பதால் அழுத்தித் தூக்கும் பழக்கம் வராமலே போய்விடும்.

அடுத்தது சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலை வாங்கும் அமைப்பு. பேட், தண்ணீர்ப் பை எல்லாம் போட்டுக்கொண்டு சைக்கிளில் நின்றால் முன் ஃபோர்க் அது அமுங்கக்கூடிய நீளத்தில் 15 முதல் 20 விழுக்காடும், பின் ஷாக் 25 முதல் 30 விழுக்காடும் அமுங்க வேண்டும். சொகுசுக்காகக் காற்றைக் குறைத்து வைத்தால் நீங்கள் டேக்ஆஃபில் அழுத்துவதை ஷாக்கே விழுங்கிவிடும், எழும்ப ஒன்றும் மிஞ்சாது.

அதைவிட முக்கியம் ரீபவுண்ட், அதாவது அமுங்கியது திரும்பும் வேகம். பெரும்பாலான ஃபோர்க்கிலும் ஷாக்கிலும் அது சிவப்புக் குமிழ். சீட்டைப் பலமாக அமுக்கிச் சட்டென்று விடுங்கள். பின்சக்கரம் தரையைவிட்டுத் துள்ளினால் ரீபவுண்ட் மிக வேகம். லிப்பில் அதே துள்ளல் உங்கள் பின்பக்கத்தை எத்தி, சைக்கிளின் மூக்கை, அதாவது முன்பக்கத்தை, கீழே தள்ளும். துள்ளல் நிற்கும்வரை ஒவ்வொரு சொடுக்காக மெதுவாக்குங்கள்.

பிறகு சீட்டை முழுதாக இறக்குங்கள். ஹேண்டில்பார் நுனி இரண்டிலும் மூடி இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். மூடியில்லாத குழாய் நுனி வயிற்றில் குத்தினால் வெட்டிவிடும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட், அச்சுகள், பிரேக் எல்லாம் வீட்டிலேயே பார்த்து முடித்திருக்க வேண்டும்.

தனியாகப் போகவே வேண்டாம். கூட வருபவரிடம் முதலுதவிப் பை இருக்கட்டும். கைப்பேசிக்கு எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும், ஆம்புலன்ஸ் எந்த வாசல்வரை வரும் என்று இறங்குவதற்கு முன்பே பேசி வையுங்கள். காட்டுப் பாதைக்குள் வண்டி வராது. 999-ஐ அழைத்தவர் “காட்டுக்குள்ள இருக்கோம்” என்று சொன்னால் யாருக்கும் பிரயோசனமில்லை.

3. ஓட்டுவதற்கு முன் நடந்து பாருங்கள்

சைக்கிளைக் கீழே வைத்துவிட்டு லேண்டிங்கிலிருந்து மேல்நோக்கி நடங்கள். கீழிருந்து பார்த்தால்தான் விழுந்தால் எங்கே போய் நிற்போம் என்பது தெரியும். மரம், கம்பி, வெட்டிய குச்சியின் முனை, வடிகால், எல்லாவற்றையும் பாருங்கள். கேப்பை நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கண்ணளவு பயத்தோடு சேர்ந்து மாறும், நாடா மாறாது.

நம் செம்மண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் மாதமும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் கோலாலம்பூரில் பிற்பகல் மழை வெளுத்து வாங்கும் காலம். மறுநாள் காலை வெட்டவெளியில் லேண்டிங் காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும். டேக்ஆஃபுக்கு வந்து சேரும் ஓட்டப்பாதை மரநிழலில் வழவழவென்றே இருக்கும். ஒரே ஜம்ப்புக்குள் இரண்டு விதமான மண்.

டேக்ஆஃபின் முகத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மழைநீர் வழிந்து, விரல் நுழையும் அளவு மெல்லிய வாய்க்கால் ஒன்று பெரும்பாலும் நடுவே ஓடியிருக்கும்.  அதில் முன்சக்கரம் ஏறினால் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு காற்றில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை மண்போட்டு அடைத்து, மிதித்து இறுக்கிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அந்த இடத்தைப் பராமரிப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ரப்பர் மரங்கள் உள்ள பாதையில் உதிர்ந்த இலையையும் கொட்டையையும் கூட்டித் தள்ளுங்கள். ஈர இலைக்கு அடியில் இருக்கும் வேரில் டயருக்குப் பிடிமானமே கிடையாது. தூரத்தில் இடி கேட்டால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது.

4. வேகத்தைக் கண்டுபிடிப்பது

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம்.

லிப் 35 பாகைச் சரிவில், லேண்டிங் அதே உயரத்தில், கேப் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு எதுவும் செய்யாமல், வேகம் மட்டுமே கொண்டுபோக மணிக்கு 26 கி.மீ. வேண்டும். அதுவே 24 கி.மீ. என்றால் சுமார் 4.26 மீட்டரில் இறங்குவீர்கள். நக்கிளுக்கு முக்கால் மீட்டர் குறைவு. 28 கி.மீ. என்றால் 5.8 மீட்டர். தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால்தான் இப்படி. மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம் ஓட்டுபவருக்கு உடம்பில் தெரியவே தெரியாது. விழுவதா இறங்குவதா என்பதை அந்த இரண்டுதான் தீர்மானிக்கிறது.

அதனால் வேகத்தை மிதித்துக் கட்டுப்படுத்த முயல வேண்டாம். சரிவில் ஓர் இடத்தைக் குறித்து, ஒரு குச்சியை நட்டு, அங்கிருந்து மிதிக்காமல் உருண்டு வாருங்கள். புவியீர்ப்பு ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தைத் தரும். வேகம் வேண்டுமென்றால் குச்சியை மேலே நகர்த்துங்கள். குறைக்க வேண்டுமென்றால் கீழே. காலையில் ஈரமாக இருந்த பாதை பத்து மணிக்குக் காய்ந்தால் அதே குச்சியிலிருந்து வேகம் கூடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

அந்த ஜம்ப்பை நன்றாக அறிந்தவர் பின்னால் போவதும் நல்ல வழிதான். ஆனால் மூன்று நான்கு சைக்கிள் நீளம் இடைவெளி விடுங்கள். அவர் லிப்பில் நன்றாக எழும்புபவராக இருந்தால் குறைந்த வேகத்திலேயே போய்விடுவார். எழும்பத் தெரியாதவருக்கு அதே வேகம் பத்தாது. “உங்க வேகத்துக்குப் பின்னாலயே வரவாண்ணே?” என்று கேட்கும் தம்பிகளிடம் முதலில் டேபிள்டாப்பில் அவர்கள் எழும்பும் உயரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

லிப்வரை ஓட்டிப் பிரேக் பிடித்து நிறுத்திப் பார்ப்பதை இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்யாதீர்கள். பத்துப் பதினைந்து முறை செய்பவர்கள் தங்கள் கைக்கு என்ன கற்றுக்கொடுக்கிறார்கள்? லிப் வந்தால் பிரேக் பிடி என்று. உண்மையிலேயே போகும்போது கை அதைத்தான் செய்யும். மூன்று முறைக்குப் பின்னும் மனம் ஒப்பவில்லையென்றால் அன்று சின்ன ஜம்ப்பிலேயே ஓட்டுங்கள்.

5. ஓட்டப்பாதை, லிப், காற்று, லேண்டிங்

மிதிப்பதை லிப்புக்குக் குறைந்தது மூன்று சைக்கிள் நீளம் முன்பே நிறுத்துங்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில். கடைசிவரை மிதித்துக்கொண்டே போனால் உடம்பு தாழ்ந்து தயாராக நேரமிருக்காது. ஒரு கால் மேலே ஒரு கால் கீழே என்று கோணலாகக் கிளம்புவீர்கள்.

முழங்கையும் முழங்காலும் மடங்கி, மார்பு தாழ்ந்து இருக்கட்டும். எடை காலில், கைகள் இலேசாக. பிரேக் மேல் ஒரு விரல் இருக்கலாம், அழுத்தக் கூடாது.

சக்கரங்கள் டேக்ஆஃபின் வளைவில் ஏறும்போது தரை உங்களை மேல்நோக்கி அழுத்தும். அந்த நேரத்தில் கால்களைத் தளரவிடாதீர்கள். பெடலை மண்ணுக்குள் தள்ளுவது போலக் காலால் அழுத்தி, லிப்பை எட்டும்போது நிமிருங்கள். முன்சக்கரம் லிப்பைத் தாண்டும்போது நிமிரத் தொடங்கி, பின்சக்கரம் தாண்டும்போது முடிந்திருக்க வேண்டும். சீக்கிரம் செய்தால் எழும்பும் சக்தி டேக்ஆஃபுக்குள்ளேயே தீர்ந்துவிடும். தாமதித்தால் சைக்கிள்தான் உங்களைத் தூக்கி எறியும்.

இப்போது ஒரு தவறான அறிவுரை. “பயமா இருந்தா பின்னால சாஞ்சுக்க” என்று புதியவர்களுக்குச் சொல்கிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள், கேட்காதீர்கள். பின்னால் சாய்ந்ததும் கை நீண்டு இறுகும், கால் பூட்டிக்கொள்ளும். அழுத்த ஆளில்லாத பின்சக்கரத்தை டேக்ஆஃபின் வளைவு மேலே எத்திவிடும், மூக்கு கீழே போகும். பின்னால் சாய்ந்தவரே ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பது ஏன் என்று பலருக்குப் புரிவதில்லை. காரணம் இதுதான். இடுப்பு இரண்டு பெடலுக்கும் நேர் மேலேயே இருக்கட்டும்.

ஹேண்டில்பாரை இழுப்பதும் கூடாது. இரண்டு கையும் ஒரே பலத்தில் இழுப்பது அபூர்வம். பலமான கையின் பக்கம் சைக்கிள் திரும்பும்.

பார்வை லிப்பில் தொடங்கி, முன்சக்கரம் ஏறும்போதே லேண்டிங் சரிவுக்குப் போய்விட வேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் தலை குனியும், தோள் குனியும், சைக்கிளும் குனியும்.

காற்றில் செய்ய வேண்டியது குறைவு. சைக்கிளை உங்களை நோக்கி வரவிடுங்கள், பாதி தூரம் தாண்டியதும் கைகளை மெல்ல முன்னே தள்ளி மூக்கை லேண்டிங்கின் சரிவோடு சேருங்கள். பிரேக்கைத் தொடவே கூடாது. சுழலும் சக்கரத்தைக் காற்றில் நிறுத்தினால் அந்தச் சுழற்சி சைக்கிளுக்கு மாறி மூக்கு கீழே இறங்கும்.

லேண்டிங்கில் இரண்டு சக்கரமும் ஒன்றாக, அல்லது முன்சக்கரம் ஒரு நொடித்துளி முந்தி. கால் மடங்கி வாங்கட்டும். இறங்கியதும் உடனே பிரேக் பிடிக்காமல் சரிவு முடியும்வரை உருளுங்கள்.

6. காற்றிலேயே தவறு தெரிந்தால்

கொஞ்சம் தூரம் குறைகிறது என்றால் சைக்கிளோடு இருங்கள். முன்சக்கரத்தை நக்கிளுக்கு மேலே கொண்டுபோய், பின்சக்கரம் இடிக்கும் என்று எதிர்பார்த்துக் கால்களைத் தளர்த்தி, கையை உறுதியாக வையுங்கள். இப்படிப் பல கேஸ்களை ஓட்டியே வெளியேறிவிடலாம்.

சைக்கிள் பக்கவாட்டில் திரும்பிவிட்டது, அல்லது மூக்கு மீட்க முடியாமல் இறங்கிவிட்டது என்றால் அதை விட்டுவிடுங்கள். ஹேண்டில்பாரைத் தள்ளிவிட்டு உடம்பைச் சைக்கிளிலிருந்து பிரியுங்கள். அதற்கு அடியிலோ அதனுள்ளே சிக்கியோ விழுவதுதான் மோசமான விழல்.

கையை நீட்டி ஊன்றாதீர்கள். மணிக்கட்டும் காறையெலும்பும் உடைவது பெரும்பாலும் அப்படித்தான். முழங்கையை மடக்கி, தாடையை நெஞ்சோடு சேர்த்து, தோளின் பின்புறமாக உருள வேண்டும். இதை நினைத்துச் செய்ய அப்போது நேரமிருக்காது. புல்தரையில் பேட் போட்டுக்கொண்டு உருண்டு பழகுங்கள். சிலம்பமோ ஜூடோவோ கற்றவர்கள் இதில் முன்னே நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

7. விழுந்த பிறகு: முதலில் ஆள்

கீழே கிடப்பவரைத் தூக்கி நிறுத்த எல்லோரும் ஓடுவார்கள். நிறுத்தாதீர்கள். ஒருவர் மேலே ஓடி அடுத்து வருபவரைத் தடுக்கட்டும். இன்னொருவர் அவரிடம் பேசட்டும்: பெயர், இடம், என்ன நடந்தது. கழுத்தில் வலி, கைகால் மரத்துப்போதல், நினைவிழப்பு இருந்தால் அசைக்காமல் 999. மூச்சு தடைப்பட்டால் ஒழிய ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது.

தலை அடிபட்டதாகத் தோன்றினால், கேட்டதையே திரும்பக் கேட்டால், தலை சுற்றினால், அன்று மறுபடி சைக்கிளில் ஏறவே கூடாது. “நல்லாத்தான் இருக்கேன்” என்று அவர் சொல்வதை ஏற்காதீர்கள். அந்த நிலையில் தன்னை எடைபோட அவரால் முடியாது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, அளவு வேறுபட்ட கண்பாவைகள் இருந்தால் உடனே மருத்துவமனை. மற்றபடி முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, பிறகு மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். அந்த ஹெல்மெட்டையும் மாற்றுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒரு முறை நசுங்குவதற்குத்தான் செய்யப்பட்டது.

மணிக்கட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அடியில், மணிக்கட்டின் பக்கத்தில் ஒரு சின்னக் குழி விழும். விழுந்த பின் அந்தக் குழியில் அமுக்கினால் வலிக்கிறதா? வீட்டில் பெரியவர்கள் தைலம் போட்டுச் சுளுக்கெடுக்கக் கூட்டிப்போவார்கள். போகாதீர்கள். அங்கே இருக்கும் ஸ்கேபாய்ட் என்ற சிறு எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. உடைந்ததை உருவிவிட்டால் சேராமலே போகலாம். முதல் எக்ஸ்ரேயில் அந்த முறிவு தெரியாமல் போவதும் உண்டு. வலி தொடர்ந்தால் 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியிருந்தால், வெளியே சிராய்ப்புகூட இல்லாவிட்டாலும் வீட்டுக்குப் போய்ப் படுக்கக் கூடாது. மண்ணீரல், கல்லீரல் காயம் மணிக்கணக்கில் கழித்துத்தான் தெரியவரும். வயிற்றுவலி கூடுவது, மயக்கம், இடது தோள்பட்டை வலி இவை அதன் அறிகுறிகள்.

சிராய்ப்பை நிறையச் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். மண் ஏறிய காயம், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால் கிளினிக்கில் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி வந்தால், காட்டுச் சேற்றில் விழுந்ததை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். எலிக் காய்ச்சலா என்று பார்க்க அவருக்கு அந்தத் தகவல் வேண்டும்.

8. பிறகு தடம்: விழுந்ததைப் பின்னோக்கிப் படியுங்கள்

ஆளுக்கு ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகு, யாரும் மண்ணைக் கலைப்பதற்குள் தடத்தைப் பாருங்கள். லேண்டிங்கிலிருந்து ஓட்டப்பாதை வரை, பின்னோக்கி.

ஈரச் செம்மண்ணில் எல்லாம் பதிந்திருக்கும். லேண்டிங்கில் முதலில் விழுந்தது முன்சக்கரமா பின்சக்கரமா? முன்சக்கரத் தடம் மட்டும் ஆழமாகக் குத்தி, அதற்கு அப்பால் பின்சக்கரத் தடமே இல்லையென்றால் மூக்கு இறங்கியிருக்கிறது. நக்கிளில் அரைவட்ட வெட்டு இருந்தால் கேஸ். லிப்பில் டயர்க் கட்டைகளின் அச்சு தெளிவாக இருக்கிறதா, தேய்த்து இழுத்தது போல இருக்கிறதா? தேய்ந்திருந்தால் பிரேக். தடம் லிப்பின் நடுவே நேராகப் போகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா? ஒரு தடத்தை மிதித்துவிட்டால் அந்தச் செய்தி போய்விடும், அதனால் ஓரமாக நடங்கள்.

கைப்பேசியில் மெதுவோட்ட வீடியோ எடுத்து வைப்பது இதற்குத்தான். பக்கவாட்டிலிருந்து, லிப்பும் லேண்டிங்கும் ஒரே சட்டத்தில் தெரியும்படி வையுங்கள். லேண்டிங்கை மட்டும் எடுத்தால் விழுந்தது தெரியும், ஏன் என்பது தெரியாது.

விழுந்தவரின் நினைவை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு தம்பி கேஸ் ஆகி எழுந்ததும் சொன்னார்: “அண்ணே, ஸ்பீடு பத்தலண்ணே. இன்னொரு தடவ நல்லா மிதிச்சுப் போறேன்.” சரி, முதலில் வீடியோவைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். லிப்புக்கு இரண்டு மீட்டர் முன்னால் இரண்டு விரலும் பிரேக்கில், கால் விறைத்து நிற்கிறது. குச்சி நட்ட இடம் சரி, வந்த வேகமும் சரி. அவர் சொன்னபடி மிதித்துப் போயிருந்தால் கூடுதல் வேகத்தில் அதே விறைப்போடு போய், அடுத்தது கேஸாக இருந்திருக்காது, முகம் குப்புற விழுந்திருப்பார்.

விழுந்த விதத்தை வைத்துக் காரணம் தேடுவது இப்படி:

கேஸ். முதலில் பிரேக்கைச் சந்தேகியுங்கள், அடுத்து லிப்பில் எழும்பாததை, கடைசியாகத்தான் வேகத்தை. முதல் இரண்டும் சரி என்று வீடியோவில் தெரிந்தால் மட்டும் குச்சியை மேலே நகர்த்துங்கள், அதுவும் ஒரு சைக்கிள் நீளம்தான்.

மூக்கு இறங்குவது. கால் பூட்டியிருந்ததா, பின்னால் சாய்ந்திருந்தாரா, ரீபவுண்ட் வேகமா, காற்றில் பிரேக் தொட்டாரா? இந்த வரிசையில் பாருங்கள். ரீபவுண்ட் என்றால் சின்ன ஜம்ப்பிலும் கொஞ்சம் தெரிந்திருக்கும்.

காற்றில் விறைத்துப் பக்கவாட்டில் சாய்ந்து போவது. ஓட்டுபவர்கள் இதை டெட் செய்லர் என்பார்கள். லிப்பில் எதையுமே செய்யாமல் சும்மா உருண்டு போனதால் வருவது. டேக்ஆஃபில் அழுத்தாத சைக்கிளுக்குக் காற்றில் யாரும் கட்டளை இடவில்லை. லிப்பில் இருந்த சிறு சாய்வு காற்றில் பெரிதாகிவிடும். பயந்தவர்களுக்கு இது அதிகம் வரும். மருந்து பம்ப் டிராக்தான், தைரியம் சொல்வதால் சரியாகாது.

மல்லாந்து விழுவது. கையால் இழுத்ததும், இடுப்பு பின்சக்கரத்துக்கு மேல் போனதும் காரணம். பன்னி ஹாப்புக்குத் திரும்புங்கள்.

தாண்டிப்போய்ச் சமதரையில் இறங்குவது. கேஸ் ஆன பயத்தில் அடுத்த முறை வெறிகொண்டு மிதிப்பவர்களுக்கு இது நடக்கும். 1.5 மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் இறங்கினால் கீழ்நோக்கிய வேகம் மட்டும் மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல். சரிவில் இறங்கினால் அதில் பெரும்பகுதி உருள்வதாக மாறும், சமதரையில் முழுவதும் மணிக்கட்டும் கணுக்காலும் முதுகும் வாங்க வேண்டும். கொஞ்சம் குறைவதைவிட நிறையத் தாண்டுவது மேல் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இரண்டு காரணம் தெரிந்தால் முதலில் நடந்ததை எழுதுங்கள். அன்று மாலைக்குள் நான்கு வரி போதும்: எந்த இடத்திலிருந்து வந்தேன், மண் எப்படி, தடம் என்ன காட்டியது, அடுத்த முறை மாற்றப் போகும் ஒன்று.

9. சைக்கிளைச் சோதிப்பது

ஹேண்டில்பார் வளைந்திருக்கிறதா, ஸ்டெம் சக்கரத்தோடு நேராக இருக்கிறதா, பிரேக் வட்டு உரசுகிறதா, ரிம் நெளிந்திருக்கிறதா. கேஸ் ஆனால் பின் ரிம்மையும் டயரின் பக்கச்சுவரையும் கட்டாயம் பாருங்கள். சட்டத்தில் பற்றவைத்த இடங்களில் சேற்றைத் துடைத்து மயிரிழை விரிசல் தேடுங்கள். கார்பன் ஹேண்டில்பாரில் ஆழமான கீறல் இருந்தால் மாற்றிவிடுங்கள். அது வளைந்து எச்சரிக்காது, ஒரேயடியாக முறியும்.

10. மறுபடி ஏறுவது

“இப்பவே ஏறலன்னா பயம் ஒட்டிக்கும்” என்று உடனே அனுப்புவார்கள். பாதி உண்மை. அதே நாளில் ஓட்டுவது நல்லதுதான், தலையும் மணிக்கட்டும் வயிறும் சரியாக இருந்து, விழுந்த காரணம் தெரிந்திருந்தால். காரணம் தெரியாமல் அதே ஜம்ப்புக்கு அதே மாதிரி திரும்பிப் போனால் அதே இடத்தில்தான் விழுவீர்கள். அதற்குமேல் உடம்பில் அதிர்ச்சி இருக்கும்போது வலி மறைந்திருக்கும். இருபது நிமிடம் நிழலில் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். கை நடுக்கம் நின்றதா என்று பாருங்கள்.

பிறகு இரண்டு படி கீழே இறங்குங்கள். பெரிய கேப்பில் விழுந்தவர் நடுத்தர டேபிள்டாப்பிலிருந்து தொடங்கட்டும். மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. பிரேக்கிலிருந்து விரலை எடுப்பது என்றால் அது மட்டும். பார்வை, இடுப்பு, வேகம் என்று எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

அந்த மாற்றம் நினைக்காமலே வரும்போது பெரிய டேபிள்டாப், அங்கே பின்சக்கரத் தடம் ஒவ்வொரு முறையும் சரிவில் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தால் கேப். கூட இருப்பவர்கள் கைதட்டி உற்சாகப்படுத்துவது வேண்டாம். கூட்டம் “போடா போடா” என்று கத்தும்போது தயாராகாதவரும் கிளம்பிவிடுகிறார். வீடியோ எடுப்பவர் ஒருவர், மேலே ஆள் வராமல் பார்ப்பவர் ஒருவர், அது போதும்.

பதினொரு மணி வெயிலில் “கடைசியா ஒண்ணு” என்று போக வேண்டாம். களைத்த கால் அழுத்தாது, அழுத்தாத கால் எப்படி விழ வைக்கும் என்று மேலே பார்த்தோம். கால் கனக்கத் தொடங்கியதும் பேட்டைக் கழற்றி, குச்சியைப் பிடுங்கி எடுத்து, லிப்பில் விழுந்த தடங்களை மண்போட்டு மூடிவிட்டு, அடுத்து வருபவருக்கு ஜம்ப்பைச் சரியாக விட்டுவிட்டுப் போங்கள்.